அப்பா தட்டிப் பார்த்த ஷூ

முதல் வருட லீவுக்கு நான் ஊருக்கு வந்த மறுநாள் காலை, என் பெட்டியிலிருந்த மலையேறும் ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு அப்பா ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டிருந்தார். முனையில், கால்விரல்கள் வரும் இடத்தில். பிறகு கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனார்.

எனக்கு விஷயம் உடனே புரிந்தது, கோபமும் உடனே வந்தது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனியில் அவர் கான்ட்ராக்ட் ஆள். சேப்டி ஷூவைச் சொந்தக் காசில் வாங்குகிறவர்கள், முனைக்குள்ளே இரும்பு இருக்கிறதா, பிளாஸ்டிக்கை வைத்து ஏமாற்றிவிட்டானா என்று தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறேன் என்று சொல்லும் மகளின் பெட்டியில் அவ்வளவு கனமான ஷூ எதற்கு என்பதுதான் அவர் கேள்வி.

சந்தேகம் ஷூவில் ஆரம்பித்ததல்ல. ஆல்ப்ஸ் மலையில் பாறையோடு இரும்புக் கயிறு பதித்த பாதை ஒன்றில் ஏறியபோது எடுத்த போட்டோவைப் பெருமையாக அனுப்பியிருந்தேன். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், அதில் இரண்டு கொக்கிகள், வெயிலில் தோலுரிந்த மூக்கு. எங்கள் தெருவில் அந்தக் கோலத்தில் கிளம்புகிறவர்கள் புகைபோக்கிக்குப் பெயிண்ட் அடிக்கப் போவார்கள், இல்லையென்றால் ஷெட்டுக்குத் தகடு மாட்டப் போவார்கள். கொக்கியை மாட்டாமல் ஏறிய ஒருவர் கூரையிலிருந்து விழுந்ததை அப்பா நேரில் பார்த்திருக்கிறார். போதாததற்கு, ஆரணியில் ஒரு பையன் படிக்கப் போகிறேன் என்று வெளிநாடு போய் ஓட்டலில் தட்டு கழுவிய கதை அம்மா காதுக்கு வந்திருந்தது.

சாயந்திரம் விசாரணை நடந்தது.

"மேல இன்னா வேல?" என்றார் அப்பா.

"வேலை எதுவும் இல்ல நைனா. சும்மா ஏறுவோம், எறங்கிடுவோம்."

"சும்மா ஏறுறதுக்கு எதுக்கு பெல்ட்டு?"

விளக்க விளக்க நிலைமை மோசமானது. உச்சியில் என்ன கோயில் என்றாள் அம்மா. கோயில் இல்லை, சூப் விற்கிற ஒரு குடிசைதான் என்றேன். அவ்வளவு தூரம் ஏறி யார் சூப் குடிப்பார்கள் என்று கேட்டாள். சோழவரம் ஏரிக்கரையைத் தவிர வேறு மேட்டில் ஏறியறியாத நான், முதல் முறை மேகம் காலுக்குக் கீழே போவதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் போகிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? மார்க் பட்டியலைப் போனில் காட்டினேன். இதை யார் வேண்டுமானாலும் அடித்துத் தருவார்கள் என்றார் அப்பா.

மறுநாள் என் பையில் பாஸ்போர்ட் இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். சாவி அவரிடம். இப்போது சந்தேகப்படுவது என் முறை ஆயிற்று. நான் உள்ளே வந்தால் போன் பேச்சு நின்றது. மாமா காரணமில்லாமல் இரண்டு முறை வந்து டீ குடித்துவிட்டுப் போனார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களா, இங்கேயே வேலை தேடுகிறார்களா? திரும்பிப் போகாவிட்டால் படிப்பு பாதியில் நின்றுபோகும் என்று கத்தினேன், அழுதேன். அப்பா பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த லீவு முழுக்க ஒருவரை ஒருவர் வேவு பார்த்தே கழித்தோம்.

கிளம்ப வேண்டிய நாளில் அவரே கார் பிடித்துக்கொண்டு வந்தார். அதையும் நான் நம்பவில்லை. வழியெல்லாம் கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏர்போர்ட் வாசலில் சட்டைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

"படிக்கிறியோ, வேல செய்றியோ, எனக்குத் தெரியாது. மேல ஏறுனா கொக்கிய மாட்டிக்கினு அப்பால காலை வை. மாட்டாம ஒரு அடி வெக்காத."

நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பியிருக்கவில்லை. பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேதான் அனுப்புகிறார். அது வேலை இல்லை என்று இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

"மாட்டிக்கினுதான் ஏறுவேன் நைனா," என்றேன்.

கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டாள் என்பதுபோல அவர் மெல்லத் தலையாட்டினார்.