ஒன்பது பேர் தெரு

ராயபுரம் கருணாகரனின் வாழ்க்கை வரலாற்றை எழுத நாற்காலி ஒன்று போதும். அதை விட்டு எழாமலே ஊரை அளந்தவர் அவர். ஆபீசின் பெயர் வேண்டாம். குழாய் போடுகிற ஆபீஸ்.

1949-இல் கிளிஞ்சல்காரத் தெருவார் ஒரு குழாய் கேட்டு மனுப் போட்டார்கள். கிணறு உப்புக் கரித்தது. தெரு ஆபீசுக்கு நேர் பின்னால். ஜன்னலைத் திறந்தால் தெரியும். திறந்தால் காகிதம் பறக்கும் என்பதால் கருணாகரன் பதிவேட்டைத் திறந்தார். ‘ஜனத்தொகை ஒன்பது. குழாய் அநாவசியம்’ என்று எழுதிவிட்டார்.

மறுநாள் மீன்காரி சிவந்தி வந்து நின்றாள்.

“இன்னா நைனா, ஒம்போது பேருன்னு எழுதிக்கீறே? என் வூட்லயே பதினோரு பேரு!”

“புஸ்தகத்துல அப்படித்தாம்மா இருக்கு.”

“எப்போ எழுதின புஸ்தகம்?”

“நாப்பத்திரண்டு, ஏப்ரல்.”

“அடப்பாவி! ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே ஓடிப்போன மாசமாச்சே அது! நீ எங்கே இருந்தே?”

கருணாகரன் பக்கத்தைப் புரட்டினார். அவர் வீட்டுக்கு நேரே ‘பூட்டு’ என்றிருந்தது. அந்தக் குண்டுப் பயத்தில் மூன்று மாதம் அவர் திருத்தணியில், மாமியார் சமையலில் இருந்தார்.

“எவன் எழுதினான், எப்போ எழுதினான்னு பார்க்க வேணாமா? வூடு வூடா நானே எண்ணிட்டேன். முன்னூத்தி இருவத்தொண்ணு.”

“அதுல சீல் இல்லையே!”

சீல் உள்ள எண்ணுக்காக ரேஷன் ஆபீஸ் கணக்கை வரவழைத்தார். அறுநூற்று நாற்பது! சிவந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

“செத்தவங்க கார்டை எவன் திருப்பிக் குடுத்தான்? அரிசி வருதில்ல!”

கருணாகரன் சிந்தித்தார். ஒரு புத்தகத்தில் உயிரோடிருப்பவர்கள் இல்லை. மற்றொன்றில் செத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார். முன்னூற்று இருபத்து நாலரை. சிவந்தி கால் தேய நடந்து எண்ணியதற்கும், தாம் உட்கார்ந்த இடத்தில் கண்டதற்கும் மூன்றரை ஆள்தான் வித்தியாசம் என்று பூரித்துப்போய் மேலே அனுப்பினார்.

ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் எஞ்சினீயர் எழுதியிருந்தார்: ‘அரை ஆள் யார்? விளக்கம் வராமல் குழாய் இல்லை.’

எந்தப் பதிவேட்டிலும் அரை ஆள் அகப்படவில்லை. நாலு நாள் தேடிக் கருணாகரன் இளைத்தே போனார். ஐந்தாம் நாள் சிவந்தி தன் மருமகள் மலர்க்கொடியை இழுத்துக்கொண்டு வந்து, மேஜை முன் நிறுத்தினாள்.

“பாத்துக்கோ. ஆறு மாசம். இதான் உன் அரை ஆளு!”

மலர்க்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கருணாகரன் எழுந்து நின்றே எழுதினார்: ‘அரை ஆள் நேரில் ஆஜர்.’

எஞ்சினீயர் கையெழுத்துப் போட்டார். குழாய் வந்து சேர்வதற்குள் அரை முழுசாகி வீல் வீலென்று அழுதது. முதல் குடத்துத் தண்ணீரில் அதைக் குளிப்பாட்டினாள் சிவந்தி. ஆபீஸ் கணக்கில் மட்டும் அந்தப் பிள்ளை இன்னும் அரைதான்.