தோன்யா கிளாடிஸின் வெள்ளிக்கிழமைகள்

போன வாரம் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் காய்கறிக் கடைக்குள் நுழைந்ததும் வாழையிலை வாசனை அடித்தது. ஊரிலிருந்து விமானத்தில் வந்து ஓரம் கறுத்துப்போன இலைகள்தான். அந்த வாசனைக்கு எனக்குக் கல்யாணப் பந்தி நினைவுக்கு வர வேண்டும், இல்லையா? வருவதில்லை. கொலம்பியாதான் வருகிறது. அந்த நாட்டை நான் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

எல்லாம் கிளாடிஸால் வந்தது. கல்யாணமாகி ஷார்ஜா வந்த புதிதில், எதிர் ஃபிளாட் கதவில் அந்தப் பெயர் ஒட்டியிருந்தது. பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியில் வகுப்புக்கு ஒரு கிளாடிஸ் இருப்பாள். ஆசையாகப் போய் மணியடித்து, "நீங்க பாளையங்கோட்டையா, நாசரேத்தா?" என்று கேட்டுவிட்டேன். மாநிறம், அடர்த்தியான கறுப்பு முடி. எனக்குச் சந்தேகமே வரவில்லை. கொலம்பியாக்காரியான அவள் ஸ்பானிஷில் ஏதோ பதில் சொன்னாள். ஒருவருக்கொருவர் புரியாத மொழியில் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பேசிவிட்டு, பிறகு ஓட்டை ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தோம். கடைசிவரை அதில்தான் பேசினோம். இங்கே தமிழில் சொல்கிறேன். என் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. 'வெசினா' என்றாள். பக்கத்து வீட்டுக்காரி என்று அர்த்தமாம்.

வேலைக்காக வந்து, இங்கேயே வேறு நாட்டுக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து, ஒரு பெண்ணும் பையனும் பிறந்தபின் பிரிந்திருந்தாள். பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போக ஏர்போர்ட் போன அன்றுதான், அவர்கள் நாட்டை விட்டு வெளியேற அப்பாக்காரர் கோர்ட்டில் தடை வாங்கியிருந்தது தெரிந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் தன்மையாகத்தான் சொன்னாராம்: "மேடம், நீங்க போகலாம். பிள்ளைங்க போக முடியாது."

பெட்டிகளோடு திரும்பி வந்தாள். அந்தப் பெட்டிகளை அவள் பல மாதம் பிரிக்கவேயில்லை.

அதற்குள் மகள் பவுலா ஸ்பானிஷை மறக்கத் தொடங்கிவிட்டாள். "நான் ஸ்பானிஷ்ல திட்டறேன், அவ இங்கிலீஷ்ல ஸாரி சொல்றா. நல்லாவா இருக்கு?" என்று அழுதாள் கிளாடிஸ். அந்த அழுகையில் ஆரம்பித்ததுதான் வெள்ளிக்கிழமைக் கூட்டம்; இங்கே அப்போது அன்றுதான் வார லீவு. முதலில் ஒரு மெக்சிகோக்காரி குழந்தையோடு வந்தாள். அப்புறம் பெரு, ஈக்வடார், விமானப் பணிப்பெண்கள், அமெரிக்கர் வீடுகளில் பிள்ளை பார்ப்பவர்கள். குழந்தைகளுக்குக் கதை, பெரியவர்களுக்குப் பாட்டு, எல்லாருக்கும் ஆட்டம். வாட்ச்மேன் மாடியேறி வந்து, "மேடம், ஆவாஜ் கம் கரோ" என்பார். அவருக்கும் ஒரு தட்டு கொடுப்பார்கள், சத்தம் குறையாது. எல்லாரும் அவளைத் 'தோன்யா கிளாடிஸ்' என்றார்கள். நாம் 'அம்மா' சேர்த்துச் சொல்வதுபோல மரியாதையான அழைப்பு.

தட்டில் இருந்தது வாழையிலையில் பொதிந்து வேகவைத்த மக்காச்சோள மாவும் கோழியும். இலை வாங்கித் தருவது என் பொறுப்பு. பெயர் 'தமால்'. என் வீட்டுக்காரர் அதைத் 'தமிழ்' என்றே காதில் வாங்கி, "பாத்தியா, அங்கயும் நாமதான்" என்று ஒரு வாரம் பெருமைப்பட்டார்.

ஒவ்வொரு ஜூலையும் நான் ஊருக்குக் கிளம்புவேன். பெட்டியை அவள் கண்ணில் படாமல்தான் லிஃப்ட்டில் ஏற்றுவேன். அவள் எப்படியோ பார்த்துவிட்டு, "போயிட்டு வா வெசினா, நல்லா தூங்கு" என்பாள்.

ஒரு வருஷம் அப்பாக்காரர் ஒரு பேச்சு கொண்டுவந்தார். இந்தக் கூட்டம், கூத்து எல்லாம் தன் பிள்ளைகளுக்கு வேண்டாம். நிறுத்தினால் கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊர் போகக் கையெழுத்துப் போடுகிறேன் என்று. கிளாடிஸ் அன்றே எல்லாருக்கும் போன் போட்டு "கலாஸ், முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அந்த வராந்தா செத்துக் கிடந்தது. கொலம்பியாவில் அவள் அம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கட்டிலெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டாராம். ஜூன் வந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் அப்பாக்காரர்.

அந்தக் குளிர்காலத்தில் கிளாடிஸின் அம்மா இறந்துபோனார்.

கிளாடிஸ் தனியாகப் போகலாம். ஆனால் திரும்பி வரும்போது பிள்ளைகள் அப்பா வீட்டில் இருப்பார்கள். பிறகு யாரிடம் போய்க் கேட்பது? டிக்கெட் பார்ப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள், மறுபடி எடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்தைப் போனில் பார்த்தாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "இலை வாங்கிட்டு வா" என்றாள். "இனி நிறுத்த மாட்டேன். நிறுத்தி என்ன கிடைச்சுது?"

ஒன்பது சாயங்காலம் அவர்கள் வழக்கப்படி ஜெபம் நடந்தது. வராதவர்களெல்லாம் வந்தார்கள். பையன் முன்னால் நின்று பாட்டிக்காக ஸ்பானிஷில் ஜெபம் சொன்னான். நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். வேறு எனக்குத் தெரியாதே.

வருஷங்கள் ஓடின. பவுலாவுக்கு அப்பாவின் கையெழுத்து தேவைப்படாத வயது வந்ததும் முதலில் பாட்டி ஊருக்குத்தான் போனாள். அங்கே மாமா, "நீ எந்த நாட்டுப் பொண்ணும்மா?" என்றாராம். பாதி மெக்சிகோ, பாதி பெரு, கொஞ்சம் ஈக்வடார். வெள்ளிக்கிழமைகளில் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ் அப்படித்தானே இருக்கும். இதைச் சொல்லிச் சிரித்த கிளாடிஸ் சிரித்து முடிக்கவில்லை. பையனுக்காக அவள் இன்னும் இங்கேதான் இருந்தாள்.

பையனும் வளர்ந்தபின் அவளும் அவனும் கிளம்பினார்கள். விமானம் ஏறுமுன் போன் செய்தாள். "பாஸ்போர்ட் ஆபீசர் முத்திரை குத்திட்டு 'யல்லா, அடுத்த ஆள்'னு சொல்லிட்டார், வெசினா. நான் நகராம நின்னுட்டேன். அவ்வளவுதானா? இத்தனை வருஷமும் இதுக்குத்தானா?"

இப்போது எதிர் ஃபிளாட்டில் யாரோ தட்டி அடைத்துப் பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பெரு நாட்டுக்காரி போய்விட்டாள், மெக்சிகோக்காரி எங்கே என்று தெரியவில்லை. துபாயில் வேலை செய்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை இப்போது முழு லீவும் இல்லை. நான்தான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

சென்ற மாதம் வீடியோவில் கேட்டேன்: "அங்க வெள்ளிக்கிழமை யாரெல்லாம் வர்றாங்க?"

"யார் வருவா? இங்க எல்லாரும் ஸ்பானிஷ்தான் பேசறாங்க, அதுலதான் பாடறாங்க. நான் எதுக்கு?" பின்னால் தெருவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். "இங்க என்னை யாரும் தோன்யான்னு கூப்பிடறதில்ல, வெசினா. நீ ஒரு தடவை கூப்பிடு."