தம்புசாமி தப்பாகச் சொன்ன கார்

பிரிக்பீல்ட்ஸில் தம்புசாமியின் பட்டறைக்குப் போர்டு கிடையாது. எதற்குப் போர்டு? ஸ்காட் ரோட்டில் யாரை நிறுத்திக் கேட்டாலும் கை காட்டுவார்கள். செந்தூல் ரயில்வே பட்டறையில் பதினோரு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனுஷன். காப்பியைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பார். பேச்சு அளந்துதான் வரும். ஆனால் ஒரு காரைப் பார்த்து அவர் இன்னதுதான் கோளாறு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. கிள்ளான் வரைக்கும் அப்படி ஒரு பேர். அந்தப் பேர் அவருக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது, அதை மறைப்பானேன்?

எண்பத்தாறாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் புஷ்பவல்லி டீச்சர் கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்தார். வழியில் மூன்று இடத்தில் காரை ஓரங்கட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டி வந்திருந்தார். பழைய ஜப்பான் கார். டீச்சருக்கு வேலை காப்பாருக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளியில். பஸ் எட்டிப் பார்க்காத செம்மண் ரோடு. கணவர் தவறிப்போய் ஒன்றரை வருஷம். கார் இல்லையென்றால் வேலை இல்லை, அவ்வளவுதான்.

"தண்ணி குறைஞ்சுகிட்டே இருக்கு அண்ணே. ஆனா கீழே ஒரு சொட்டு காணோம்."

தம்புசாமி குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்த்தார், கிண்ணென்று இருந்தன. பக்கத்தில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒழுகாத தண்ணீர் உள்ளேதானே போக வேண்டும்? எஞ்சின் தலைமூடி, அதாவது ஹெட், வளைந்து, தண்ணீர் உள்ளே இறங்கி எரிகிறது.

"ஹெட் போச்சு டீச்சர். இதுக்கு மேல இந்த எஞ்சினுக்குச் செலவு பண்றது வீண்."

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

கணவரின் அண்ணன் பழனியப்பன் கெட்டவர் அல்ல, பாவம், பயந்த சுபாவம். தம்பி மனைவி தனியாக அவ்வளவு தூரம் ஓட்டிப் போவதே அவருக்குப் பிடிக்கவில்லை. "தம்புசாமியே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன யோசனை?" என்று சனிக்கிழமை காலை பட்டறையிலிருந்து காரை ஏற்றிப்போகப் பழைய இரும்புக் கடை லோரிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அந்த வாரம் மட்டும் டீச்சர் தோட்டத்து லோரியில் தொற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் காரிலிருந்த புத்தகங்களையும் குடையையும் எடுத்துப் போக வந்தவர், தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "திட்டாதீங்க அண்ணே. போன வாரம் ஒரு லோரிக்காரர் பேச்சைக் கேட்டு, ஓட்டை அடையும்னு ஒரு பாக்கெட் மஞ்சத்தூளை ரேடியேட்டர்ல கொட்டிட்டேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல வாங்கின நல்ல மஞ்சள்."

தம்புசாமி தலையில் அடித்துக்கொண்டார். "ரேடியேட்டர்ல ரசமா வச்சீங்க டீச்சர்? அடுத்தது புளியும் கரைச்சு ஊத்த வேண்டியதுதானே?"

டீச்சர் சிரிக்கவில்லை. புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு தம்புசாமிக்கு உள்ளுக்குள் அரித்தது. ஒரு பாக்கெட் மஞ்சள் உள்ளே இறங்கியிருந்தால் எண்ணெயில் தெரிய வேண்டாமா? எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தார். சுத்தமான எண்ணெய். தண்ணீர் சேர்ந்தால் பால் கலந்த மாதிரி வெளுக்கும், அப்படி இல்லை, மஞ்சளும் இல்லை. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். நாலும் உலர்ந்து, நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தன. தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. அட கடவுளே! திங்கட்கிழமையே இதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்க்காமலே வாயைத் திறந்திருக்கிறார்.

பிளக்குகளை மாட்டி, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, சவரக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகத் தேடினார். புகை போகிற குழாய்க்குப் பின்னால், கண்ணுக்கு நேரே படாத இடத்தில், எஞ்சின் உடம்பில் அடித்திருந்த வட்டத் தகர மூடி ஒன்று துருப்பிடித்திருந்தது. அதன் கீழ் விளிம்பிலிருந்து பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. ஊசித் துளை. சூடேறினால்தான் கசியும், கசிந்த தண்ணீர் கொதிக்கிற இரும்பிலேயே ஆவியாகிவிடும். தரைக்கு எங்கே சொட்டும்?

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து புகைக்குழாயை இறக்கினார். பழைய மூடியை நெம்பி எடுத்து, உட்கார்ந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது மூடியை அடித்து இறக்கினார். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளிருந்தே துரு தின்னும். மஞ்சள் தண்ணீர் வடிந்து தெளியும்வரை அலசி, கூலன்ட் கலந்து நிரப்பினார். ஒரு மணி நேரம் ஓடவிட்டும் ஒரு பொட்டு ஈரமில்லை. இவ்வளவுதான் வேலை!

கை கழுவும்போது அந்த நினைப்பு வந்தது. ஹெட்டைச் சரிபண்ணிவிட்டேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? பேருக்குப் பேரும் ஆச்சு, நன்றிக்கு நன்றியும் ஆச்சு. கொஞ்ச நேரம் அந்த நினைப்பு இனிக்கவும் செய்தது. பிறகு அவருக்கே தன்மேல் அருவருப்பாகப் போயிற்று.

சனிக்கிழமை காலை பழனியப்பன் லோரியோடு வந்தார். கூடவே டீச்சரும்.

"லோரியைத் திருப்பி அனுப்புங்க அண்ணே," என்றார் தம்புசாமி. "நான் சொன்னது தப்பு. ஹெட் நல்லா இருக்கு. எண்ணெயைக்கூடப் பார்க்காம சொல்லிட்டேன். ஒரு தகர மூடிதான் ஒழுகுச்சு, மாத்திட்டேன்."

"நீங்க சொன்னா மாறாதுன்னுதானே லோரியைக் கூப்பிட்டேன்?" என்றார் பழனியப்பன்.

"மாறிடுச்சு லா."

டீச்சர் முகம் மலரும் என்று தம்புசாமி எதிர்பார்த்தார். டீச்சர் நேராகப் போய்க் காரில் ஏறினார். சூடு காட்டும் ஊசி ஏறுகிறதா என்று கிள்ளான் வரை பார்த்துவிட்டு வருகிறேன் என்று தம்புசாமி பக்கத்தில் உட்கார்ந்தார். பெடரல் ஹைவேயில் ஏறியதும் டீச்சர் வெடித்தார்.

"திங்கக்கிழமையிலிருந்து வரமாட்டேன்னு நேத்துதான் பிள்ளைங்ககிட்ட சொன்னேன். மூணாம் வகுப்பே உட்கார்ந்து அழுதுச்சு. வேற எவனாவது ஹெட் போச்சுன்னு சொல்லியிருந்தா இன்னொரு பட்டறையில காட்டியிருப்பேன் அண்ணே. நீங்க சொன்னீங்கன்னுதான் காட்டலை!"

தம்புசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"திட்டுங்க டீச்சர்," என்றார். "நல்லா திட்டுங்க."

பாதி வழியில் சுபாங் ஜெயா தாண்டும்வரை டீச்சர் திட்டினார். தம்புசாமி ஊசியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அது ஏறவே இல்லை.