என் கையால் கொடுத்த மருந்து

ஒத்தக்கடைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நான் உதவியாளன். புண்ணுக்குக் கட்டுப்போடலாம், டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுக்கலாம். வைத்தியம் பார்க்க எனக்கு உரிமை கிடையாது. விதி அப்படி.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். டாக்டர் மதுரைக்கு மீட்டிங் போயிருந்தார்; மருந்து பீரோவின் சாவி அவர் பையில். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் தன் பசுவை இழுத்து வந்தாள். ஈரக் கடலைக்கொடியைத் தின்று வயிறு உப்பி, நாக்குத் தள்ளி நின்றது. அவளிடம் இருந்ததே அந்த ஒரு பசுதான்.

"அண்ணே, ஏதாச்சும் பண்ணுங்கண்ணே!"

எதிர்க்கடையில் பெருங்காயமும் ஓமமும் நல்லெண்ணெயும் வாங்கினேன். இடித்துக் கலக்கி மூங்கில் குழாயால் புகட்டினேன். எங்கள் வீட்டு மாடுகளுக்குக் கொடுத்துப் பழகிய கைதான். சாயங்காலத்துக்குள் பசு அசைபோட்டது.

மறுநாள் அவள் ஒரு செம்பு பாலோடு வந்தாள். அன்றைக்கென்று மேலதிகாரி ஆய்வுக்கு வந்திருந்தார். அவரிடமே சொன்னாள். "உங்க ஆளு கைராசிக்காரரு சார். நாட்டு மருந்து குடுத்தே எழுப்பிட்டாரு!" நல்ல மனசுதான், என்ன செய்வது? அடுத்த வாரம் மெமோ வந்தது. தகுதியின்றிச் சிகிச்சை அளித்தது ஏன்? அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் ஆறு பேர் சாப்பிட்டோம்.

டாக்டர் நல்லவர். தனியே கூப்பிட்டார். "மாட்டுக்குச் சொந்தக்காரங்களே குடுத்தா குத்தமில்ல. அந்தம்மாதான் குடுத்துச்சுன்னு எழுதி ஒரு கைநாட்டு வாங்கிருங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. தெரியாதவன் புகட்டினால் புரையேறி மாடு சாகும். அதற்குத்தான் விதி என்றால் ஒப்புக்கொள்வேன். தெரிந்தவன் கையைக் கட்டிப்போட்டு, நடுங்குகிற கையில் குழாயைக் கொடுப்பது என்ன விதி?

டாக்டர் சொல்லுக்காக அவள் வீடு வரை போனேன். அவள் கைநாட்டு வைக்கத் தயார். "வாயத் தொறந்து கெடுத்தது நாந்தானண்ணே."

"நீ ஏன் தாயி பொய் சொல்லணும்? நான் என்ன திருடவா செஞ்சேன்?" என்று திரும்பிவிட்டேன்.

விளக்கத்தில் எழுதினேன்: 'நான்தான் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன்.' மன்னிப்பு என்ற சொல்லை எழுதவே இல்லை. வீட்டில் அழுதார்கள். கடைசியில் வேலை போகவில்லை, ஊர் மாற்றினார்கள்.

புது ஊரிலும் டாக்டர் இல்லாத நாளில் ஒரு மாடு வயிறு உப்பி வந்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி மாட்டுக்காரரிடம் சொன்னேன்: "குழாய நீங்க பிடிங்கண்ணே. தலைய ரொம்பத் தூக்காதீங்க. எப்படி ஊத்தணும்னு நான் சொல்றேன். சொல்லக் கூடாதுன்னு இன்னும் எவனும் விதி எழுதல."