அத்தை வாயைத் திறக்காத நாள்

என் அத்தையை மேடைக்கு அழைக்கிறவர்கள் "பாட்டுப் பாடியே பாலம் கொண்டுவந்தவர்" என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். அத்தையும் கும்பிட்டுக்கொண்டு சிரிப்பாள். மறுக்கமாட்டாள். உண்மையில் அந்தப் பாலத்துக்கு வழி பிறந்த அன்று அத்தை ஒரு வரிகூடப் பாடவில்லை. பாடியது நாங்கள். அதாவது நானும், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த இன்னும் சில பேரும்.

மாத்தளையிலிருந்து றத்தோட்டைப் பக்கம் ஏறுகிற மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். அத்தை என் அப்பாவின் அக்கா. கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து முழங்கால் போனபிறகு, அவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை கொடுத்திருந்தார்கள். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற நீளமான அறை அது. விட்டத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். அத்தை ஒருத்தி, தொட்டில்களோ நிறைய. ஆகவே அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்தப் பிள்ளை அழுதாலும் சரி, பேசத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஆராரோ பாடவேண்டும். பாடாதவர்களுக்குப் பத்து மணி பிஸ்கட் கிடையாது. பள்ளிக்கூடம் போகக் காத்திருந்த நான்தான் அங்கே மூத்தவள். பாட்டுக்கும் நானே தலைவி.

நாங்கள் குடியிருந்த லயங்களுக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவில் ஆறு ஓடியது. இருந்த மரப்பாலத்தை ஒரு மழைக்காலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேல் ரோட்டைச் சுற்றி வந்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நேரமாகிவிடும். அரை நாள் சம்பளம் போகும். அதனால் தாய்மார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவந்தார்கள். ஒருநாள் காலையில் என் அம்மா கல்லில் வழுக்கி விழுந்தாள். கையிலிருந்த தம்பி தண்ணீரோடு போனான். அக்கரையில் நின்ற அத்தை நொண்டிக் காலோடு பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மறுநாள் தொட்டில் ஆட்டும்போது ஆராரோவுக்குப் புது வரிகள் வந்திருந்தன.

ஆத்துத்தண்ணி இடுப்பு மட்டும் - ஒன்
ஆத்தா வர நேரமாகும்
பாலம் வரும் தூங்கு கண்ணே - அந்தப்
பாலத்துக்குக் கால் மொளைக்கல
வாக்குத் தந்த ஐயாமாரு - மேல
ரோட்டச் சுத்திப் போறாங்களே

எங்களுக்கு அது தாலாட்டு, அவ்வளவுதான். ஆனால் பிள்ளையைத் தூக்க வந்த தாய்மார் அதைக் கேட்டு மலைக்குக் கொண்டுபோனார்கள். நிரைக்கு நிரை பாட்டுப் பரவியது. கடைசியில் தோட்டத்தை நடத்துகிற தொரையின் காதிலும் விழுந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பிள்ளைக்காம்பராவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று புதுப்பெயரும் எழுதி, திறப்பு விழா வைத்தார்கள். வெளியிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் பிரதம அதிதியாக வருகிறார் என்று தோட்டமே பரபரத்தது. தொரை அத்தையைப் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தினார். அவர் சிங்களவர். தமிழைத் தோட்டத்தில்தான் படித்திருந்தார்.

"அன்னைக்கு நீ அந்தப் பாட்டு படிச்சா, அடுத்த நாள் ஒனக்கு வேல இல்ல. விளங்குதா?"

"நான் வாயத் தொறக்க மாட்டேனுங்க தொரை" என்றாள் அத்தை.

இந்த வேலை போனால், மறுபடி கொழுந்தெடுக்க அத்தையால் மலை ஏறமுடியாது. வேலையோடு லயத்துக் காம்பராவும் போய்விடும். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் பெண்களுக்கு ஆற்றாமை. அம்மாதான் அதிகம் பொருமினாள். "ஊருக்கே பாட்டு கட்டுன வாயி, ஒரு அதட்டலுக்கு மூடிக்கிச்சே மதினி" என்று அத்தையின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது.

விழா நாளில் வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டும் வைத்திருந்தார்கள். எங்களுக்கு முகத்தில் அப்பிய பவுடரில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. பிரதம அதிதி ஜீப்பில் மேல் ரோட்டைச் சுற்றி வந்து இறங்கினார். வெள்ளைச் சப்பாத்து, பெரிய மாலை. கணக்கப்பிள்ளை எங்களுக்கு 'வருக வருக' என்று ஒரு வரவேற்புப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதில் 'வருக' தவிர மிச்சமெல்லாம் எனக்கு மறந்துவிட்டிருந்தது.

எங்களை மேடையில் வரிசையாக நிறுத்தி, மைக்கை இறக்கி என் முகத்துக்கு நேரே வைத்தார்கள். அத்தை ஓரமாக, எங்களுக்குப் பக்கத்தில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். இடி விழுந்தாலும் எழும்பாத பிள்ளை அவன். கணக்கப்பிள்ளை கையை உயர்த்தினார். நான் வாயைத் திறந்தேன்.

தம்பி வீரிட்டு அழுதான்.

அவ்வளவுதான். பிள்ளை அழுதால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. வருகவும் மறந்தது, கணக்கப்பிள்ளையும் மறந்தார். "ஆராரோ" என்று நான் எடுத்தேன். மற்றவர்கள் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். ஆத்துத்தண்ணி இடுப்பு மட்டும் வந்தது. ஆத்தா வர நேரமானது. ஒலிபெருக்கி அதை எதிர்மலை வரை கொண்டுபோனது. கணக்கப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். தம்பி நிறுத்தவில்லையே, நாங்கள் எப்படி நிறுத்துவது? 'மேல ரோட்டச் சுத்திப் போறாங்களே' என்ற இடம் வந்தபோது கீழே நின்ற பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பாட்டு முடிந்தபோது தம்பியும் அழுகையை நிறுத்தியிருந்தான். பிரதம அதிதி தலையைக் குனிந்திருந்தார். தொரை கண்ணை மூடியிருந்தார். பெரிய பெரிய ஆட்களையெல்லாம் தூங்கவைத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரதம அதிதி எழுந்துவந்து அத்தையிடம் கேட்டார்.

"நீங்கதான் இங்க ஆயாவா? எங்கேம்மா அந்தப் பாலம்?"

அத்தை தொரையைப் பார்த்தாள். பிரதம அதிதியும் தொரையைப் பார்த்தார். கூட்டமே தொரையைப் பார்த்தது. அவர் முகத்தில் வியர்வை இறங்கியது.

"சொல்லும்மா. கேக்குறாருதானே, சொல்லு" என்றார் தொரை.

"வாயத் தொறக்கலாமுங்களா தொரை?"

அவர் தலையை ஆட்டினார். பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்கள். அத்தை தம்பியை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மைக்கைப் பிடித்து, "வாங்கய்யா, நடந்து போய்ப் பாப்போம்" என்றாள். முன்னால் அத்தை நொண்டிக்கொண்டு நடக்க, பின்னால் பிரதம அதிதி, தொரை, தோட்டத்துச் சனம் முழுக்க. ஆற்றங்கரையில் பிரதம அதிதி கழற்றிய வெள்ளைச் சப்பாத்துகளைக் கணக்கப்பிள்ளை கையில் பிடித்துக்கொண்டார். பிரதம அதிதி கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நடு ஆற்றில் ஒருமுறை தள்ளாடினார். கரையெங்கும் கைதட்டல்.

அடுத்த மழைக்கு முன் சீமெந்துப் பாலம் வந்தது. ரிப்பன் வெட்டக் கூப்பிட்டபோது அத்தை, முதலில் கைப்பிள்ளைகள் போகட்டும் என்றாள். தாய்மார் பிள்ளைகளோடு கால் நனையாமல் நடந்துபோனதைப் பார்த்து அவள் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விழாவில் யாரோ போனில் எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போனது. பக்கத்துத் தோட்டங்கள் அத்தையைக் கூப்பிட்டன. தண்ணீர்க் குழாய் இல்லாத லயத்துக்கு ஒரு பாட்டு, டாக்டர் வராத ஆஸ்பத்திரிக்கு ஒரு பாட்டு. பிறகு வில்கமுவவிலிருந்து சிங்களப் பெண்கள் தேடிவந்தார்கள். வயலுக்குள் யானை வருகிறது, பஸ் வருவதில்லை என்றார்கள். அத்தை அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் மொழியிலேயே ஒரு தாலாட்டுக் கட்டினாள். இந்த வருடம் மாத்தளை நகரத்தில் அவள் பாடியபோது மண்டபத்தில் இடம் போதாமல் வாசலிலும் சனம் நின்றது. அந்த ஆராரோவை அவள் எடுத்ததும், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லாரும் எழுந்துநின்று பாடினார்கள். முன்வரிசையில் என் தம்பி, மீசையும் தாடியுமாக, விசிலடித்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்ததும்தான் அந்தத் திறப்பு விழா நாளின் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. அம்மா அவனைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது, தொடையில் ஓரிடம் சிவந்து தடித்திருந்தது.

"பாருங்க மதினி, எறும்பு எப்படிக் கடிச்சிருக்குன்னு. அதான் புள்ள அந்தக் கத்துக் கத்தியிருக்கு" என்றாள் அம்மா.

அத்தை தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வந்து, அவனை மடியில் போட்டு, அந்த இடத்தில் மெதுவாகத் தடவினாள். அம்மா அடுப்படிக்குப் போனதும் குனிந்து அவன் தொடையில் முத்தம் கொடுத்து, "மன்னிச்சிருடா ராசா" என்றாள்.

எறும்பு கடித்ததற்கு அத்தை ஏன் மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.