சம்பந்தி வீட்டு ஒயின்

பால் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்வார். தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, இன்னொரு தடவை. அதற்குப் பிறகுதான் டாக்டர் சேதுராமன் அதைத் தம் காப்பியில் ஊற்றுவார். ஊற்றியதும் சட்டைப்பையிலிருந்து சிவப்பு மெழுகுப் பென்சில் வெளியே வரும். சோதனைச்சாலையில் கண்ணாடிக் குடுவைகள் மேல் எழுதுகிற பென்சில் அது. மிச்சப் பால் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கே பாட்டிலின் மேல் சின்னதாக ஒரு கோடு. வீட்டில் இருப்பது அவரும் தங்கை பாமாவும்தான். பாலைத் திருடிக் குடிக்க மூன்றாவது ஆள் கிடையாது. "திருட்டுப் போறதுன்னு நான் சொன்னேனா? கோடு இருந்தா மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்" என்பார்.

கும்பகோணத்துக்காரர். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ரசாயன ஆராய்ச்சி. வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஊரில் யாரோடும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் கதவைப் பூட்டிவிட்டு மாடிப்படி முழுக்க இறங்கியவர் மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காத நாளும் இல்லை. ரொட்டிக்கடையில் ரொட்டியைத் தட்டிப் பார்ப்பார். மழைக்காலத்தில் எல்லாரும் வாசலில் குடையை வைத்துவிட்டுப் போனால் இவர் மட்டும் சொட்டச் சொட்ட உள்ளே கொண்டுபோய் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வார். கேட்டால் பதில் தயார். "யாரையும் கெட்டவன்னு சொல்லலை. நல்லவன்னு நம்பறதுக்கு என்ன அவசரம்னுதான் கேக்கறேன்."

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு தங்கை, அந்தத் தங்கைக்கு ஒரு காதல். அவளோடு கட்டடக்கலை படித்த ஊவே என்ற ஜெர்மன் பையன். கேள்விப்பட்டதும் சேதுராமன் சத்தம் போடவில்லை. ஒருநாள் அந்தப் பையனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். கொட்டுகிற மழை. தெருவில் கார் என்ன, சைக்கிள்கூட இல்லை. ஊவே சிவப்பு விளக்கைப் பார்த்து நின்றான், பச்சை வருகிறவரைக்கும் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றான். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டியபடியே அண்ணா தீர்ப்பைச் சொன்னார். "போலீஸும் இல்லை, பூனையும் இல்லை. அப்பவும் நிக்கறான். இவன் ஏமாத்த மாட்டான். பண்ணிக்கோ."

அப்பா காலமாகி வெகுநாள் ஆயிற்று. அம்மா வர முடியாது என்று சொல்லிவிட்டாள். முடியாது என்பதைவிட மாட்டேன் என்பதுதான் உண்மை. ஆக, பெண் வீடு என்றால் சேதுராமன் ஒருவர்தான். ரைன் ஆற்றுக்கு அக்கரையில் மாப்பிள்ளையின் கிராமம், அங்கே ஒரே ஒரு உணவுவிடுதி, பதிவுத் திருமணம் முடிந்ததும் அங்கேதான் விருந்து. சாப்பாடு பெண் வீட்டார் பொறுப்பு என்று அவர் ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் போயிற்று, சம்பந்தியிடமிருந்து சேதி வரும்வரைக்கும். ஊவேயின் அப்பா ஷெர்ரர் திராட்சைத் தோட்டக்காரர். ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வராத மனிதர், சேதுராமன் அதுவரை அவர் முகத்தையே பார்த்ததில்லை. அவர் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியது ஒரே வரி. "ஒயின் என்னுடையது."

சேதுராமனின் முகம் சுண்டிவிட்டது.

"பெண்ணாத்து விருந்துக்குச் சம்பந்தி தன் கூஜாவைத் தானே தூக்கிண்டு வந்தா என்ன அர்த்தம்? நீ போடறது போதாதுன்னு அர்த்தம். நாலு பேர் எதிர்ல மூஞ்சில அடிக்கறா மாதிரி."

"அண்ணா, இது கும்பகோணம் இல்லை. அவர் ஒயின் பண்றவர். பிள்ளை கல்யாணத்துக்குக் கொடுக்கணும்னு ஆசைப்படறார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு உலகத்துல ஒண்ணும் கிடையாதுடி."

அப்படியானால் விடுதிக்காரர் ஒயினையே ஊற்றிவிடலாமே என்று பாமா கேட்டாள். அதற்கும் வழியில்லை. விருந்து பேசப் போன அன்று சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மேஜைகளிலிருந்து வந்த மிச்ச ஒயினை எல்லாம் விடுதிக்காரர் ஒரே ஜாடியில் கவிழ்த்ததை இவர் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார். கீழே கொட்டுவதற்கா, மறுபடி மேஜைக்குக் கொண்டுபோவதற்கா? யார் கண்டது!

கடைசியில், பிறந்தது முதல் ஒரு சொட்டை நாக்கில் வைக்காத சேதுராமன் சொந்தமாக ஒயின் வாங்குவது என்று முடிவு செய்தார். கடை கடையாக ஏறி இறங்கினார். எந்தக் கடைக்காரர் எதைப் புகழ்ந்தாரோ, அதை முதலில் ஒதுக்கினார். சிவப்பு வேண்டவே வேண்டாம், அழுக்கு இருந்தால் தெரியாது. வெள்ளையில் சிலவற்றைச் சோதனைச்சாலைக்குத் தூக்கிப்போய்ப் புளிப்பு எத்தனை, சர்க்கரை எத்தனை, சாராயம் எத்தனை என்று அளந்தார். கூட வேலை பார்க்கிறவர்கள் மிச்சத்தைக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றார்கள். அது அவருக்குப் பொருட்டே இல்லை. தேறிய ஒன்றைப் பெட்டி பெட்டியாக வாங்கி, ஒவ்வொரு பாட்டிலிலும் சிவப்புப் பென்சிலால் தம் குறி போட்டார். வெளிப் பாட்டிலைத் திறந்து ஊற்றக் கூலி உண்டு என்று விடுதிக்காரர் சொன்னபோது கொதித்துப் போனார். "என் பாட்டில், என் கார்க். இழுக்கறதுக்குக் கூலியா? இவனை நான் அன்னிக்கே சந்தேகப்பட்டேன்."

விஷயம் அக்கரைக்கு எட்டியது. கிழவர் ஷெர்ரர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாராம். கல்யாணத்துக்கு வருவாரா என்று கேட்டால், தெரியாது என்கிறான் ஊவே.

அன்று பாமா அழுதாள். அழுகிற சுபாவமே இல்லாதவள். "ஊவேக்கு அம்மா கிடையாது. நம்மாத்துல அம்மா வரலை. மிச்சம் இருக்கற ஒரே பெரியவர் அவர்தான். அவரும் வரலேன்னா நான் யாருக்கு அண்ணா நமஸ்காரம் பண்றது? உன் பாட்டிலுக்கா?"

சேதுராமன் எழுந்துபோய்ப் பூட்டியிருந்த கதவை இழுத்துப் பார்த்தார். தங்கை அழுதால் தாங்கமாட்டார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பாமாவிடம் சொல்லாமல் ரயிலேறி அக்கரைக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போனார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கிழவர் அப்படி என்னதான் வைத்திருக்கிறார் என்று பார்க்கத்தான் போனார். ஷெர்ரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். கைகுலுக்கக் கையை நீட்டுவதற்கு முன் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை. பிறகு நிலவறைக் கதவைத் திறந்து, இருவரும் உள்ளே போனதும் பூட்டினார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார்.

உள்ளே வரிசையாகப் பீப்பாய்கள். கிழவர் ஒன்றின் பக்கத்தில் குனிந்து விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. அதுதான் ஒயினின் மட்டம். அங்கே ஏற்கெனவே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தது. கோடும் ஓசையும் ஒத்துப்போயின. கிழவர் தலையாட்டிக்கொண்டார்.

"இங்க யார் வந்து எடுப்பா?" என்று ஜெர்மனில் கேட்டார் சேதுராமன்.

"யாரும் இல்லை. ஆனா கோடு இருக்கட்டுமே."

ஐயோ, சேதுராமன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! குனிந்து தாமும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

கிழவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த விடுதிக்காரன் என் பெண்டாட்டியோட தம்பி. நல்லவன்தான். ஆனா மிச்சம் மீதியெல்லாம் ஒண்ணா ஊத்தி மறுபடி மேஜைக்குக் கொண்டுவருவான். என் பிள்ளை கல்யாணத்துல அதைக் குடிக்க விடுவேனா? அதான் என்னுது வரும்னு சொன்னேன்." கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நீங்க கடையில வாங்கினீங்களாமே. என் மேல நம்பிக்கை இல்லாமலா?"

பொய் சொல்ல சேதுராமனுக்கு வராது. "ஆமாம்."

"நியாயம்தான்" என்றார் ஷெர்ரர். "நீங்க என்னைப் பார்த்ததே இல்லையே."

அப்புறம் ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து, தாம் முதலில் முகர்ந்துவிட்டு இவரிடம் நீட்டினார். சேதுராமன் கிட்டப் பிடித்து ஒரு தடவை, தள்ளிப் பிடித்து ஒரு தடவை முகர்ந்தார். குடிப்பதில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கிழவர் வற்புறுத்தவில்லை.

கடை ஒயின் பெட்டி பெட்டியாகச் சோதனைச்சாலை நண்பர்களுக்குப் போயிற்று. கல்யாணத்தன்று விருந்துக் கூடத்தின் மூலையில் ஷெர்ரரின் பீப்பாய் இருந்தது. அதன் ஒருபுறம் ஷெர்ரர் நாற்காலி, மறுபுறம் சேதுராமன் நாற்காலி. மேலே சாக்கட்டிக் கோடு, அதன்மேலேயே சிவப்புக் கோடு. விடுதிக்காரர் ஜாடியோடு வரும்போதெல்லாம் இரண்டு சம்பந்திகளும் அவர் கையையே பார்த்தார்கள். ஒருவர் தட்ட, இன்னொருவர் கோடு போட்டார். ஆட்டம், பாட்டு, பேச்சு எதற்கும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

பட்டுப்புடவையில் பாமா வந்தாள், பக்கத்தில் ஊவே. இருவரும் கிழவர் காலடியில் விழுந்து நமஸ்கரித்தார்கள். பெண் தடுக்கி விழுந்துவிட்டாள் என்று பதறி எழுந்தார் ஷெர்ரர். கையில் சாக்கட்டி. என்ன செய்வதென்று தெரியாமல் சேதுராமனைப் பார்த்தார்.

விடுதிக்காரர் பெரிய ஜாடியோடு பீப்பாயை நோக்கி வந்துகொண்டிருந்தார். சேதுராமன் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு எழுந்து, பீப்பாய்க்கு முதுகைத் திருப்பி நின்றுகொண்டு, கிழவரின் வெள்ளை படிந்த கையைப் பிடித்துத் தங்கையின் தலைமேல் வைத்தார்.