டேப்லட் எடுக்காத விரல்

மணமேல்குடிப் பக்கம் ஒரு கடலோரப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வகுப்புக்கு டேப்லட்டுகள் வந்தபோது பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் குதித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. யாருக்கு எது வரவில்லையோ அதையே திரும்பத் திரும்ப, பொறுமையாகக் கொடுக்க ஒரு பொருள் வந்துவிட்டது. அது என்னைப் போலக் கத்தவும் கத்தாது. கத்துவதில் எனக்கு ஊருக்குள் நல்ல பெயர்.

எட்டாம் வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி. விடிவதற்குள் அம்மாவோடு இறால் கம்பெனிக்குப் போய், ஐஸில் கிடக்கும் இறாலை உரித்துவிட்டு, அப்படியே பள்ளிக்கு ஓடி வருவாள். டேப்லட்டில் அவள் சாதாரணக் கூட்டலைக்கூடத் தாண்டவில்லை. மற்றவர்களெல்லாம் பின்னத்துக்குப் போயிருந்தார்கள். அவள் பெயருக்கு நேரே எப்போதும் சிவப்பு. டேப்லட் வந்தபிறகு நோட்டில் கணக்குப் போடச் சொல்வதையே விட்டிருந்த நானும் அதை நம்பிவிட்டேன். அந்தச் சிவப்பு பெற்றோரின் போனுக்கும் போய்விடும்.

ஒருநாள் அவள் அம்மாவே வந்து நின்றார்.

"போன்ல பாத்தேன் டீச்சர். சின்னப் புள்ளைக போடுற கணக்கே இவளுக்கு வரலயாம். மேல படிக்க வச்சு என்ன செய்ய? இந்த வருசத்தோட நிப்பாட்டிக்கிறேன். கம்பெனியில எடமிருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "நான் ஒக்காந்து பாக்குறேன். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, அப்பறம் பேசுவோம்" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஏழும் எட்டும் கூட்டினால் எவ்வளவு என்று திரையில் வந்தது. யோசிக்காமல் அவள் விரல் பதினைந்துக்குப் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்தது. அதற்குள் நேரம் முடிந்து, தவறு என்று சிவப்பு வந்துவிட்டது.

"எடுக்க மாட்டேங்குது டீச்சர். என் கைக்கு மட்டும்."

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸும் இறால் ஓடும் தின்ற விரல் நுனிகள் தோல் உரிந்து, வெடித்து, காய்ந்த தேங்காய் நார் போலிருந்தன. பக்கத்தில் இருந்தவளைத் தொடச் சொன்னேன். தொட்டதும் எடுத்தது.

"ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"எனக்குத்தான் தொடத் தெரியலன்னு நெனச்சேன் டீச்சர்."

கத்த வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. விரலை மடக்கி முட்டியால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். எடுத்தது. அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் என்று தாண்டிக்கொண்டே போனாள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அம்மா வந்தார். மகள் கணக்குப் போடுவதைக் காட்டினேன். முட்டியால் டக் டக்கென்று அவள் தட்டத் தட்ட, பச்சையாக வந்தது. நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. டேப்லட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

"நீங்க விரலால தொடுங்க."

தொட்டார். எடுக்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டுத் தொட்டார். அப்போதும் இல்லை. சிரித்துவிட்டார்.

"ரேசன் கடையிலயும் இதே கததான் டீச்சர். நாலு தடவ வச்சாலும் ரேக விழாது. வேல செஞ்ச கைன்னு அந்தத் தம்பி கேலி பண்ணும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மகளின் கையை இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு விரலாகத் தடவினார்.

"நாளையிலேர்ந்து நீ எறா உரிக்க வர வேணாம்" என்றார்.

"ஒனக்கு யாரும்மா கூடமாட?"

"நான் பாத்துக்கிறேன், போ."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நிப்பாட்டல டீச்சர், படிக்கட்டும். இவ விரல்லயாச்சும் ரேக இருக்கட்டும்."